டிரைவர் கோளாறு

பஹாவ் பட்டணத்தில்
டயர் கடைக்கும் நாசி லெமாக் கடைக்கும் நடுவே
பத்தடி அகலம் என் கடை.
மழையோடு மழையாக
எஸ்டேட் கணினியைச் சாக்கில் சுற்றி
மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்
கிராணி புஷ்பலீலா.

"எடை பார்க்கிற இடத்துக் கம்ப்யூட்டர்க்கா.
நாளைக்கு நாலு தடவ நீலமாயிச் செத்துப்போகுது."

மூடியைக் கழற்றினேன்.
செம்மண் தூசி,
விசிறி இடுக்கில் செம்பனைப் பூவின் பொடி,
பொரிந்துபோன ஒரு பல்லிமுட்டை ஓடு.

"டிரைவர் கோளாறா இருக்கும்" என்றேன்.

சட்டென்று நிமிர்ந்தாள்.
"அங்கயும் அதைத்தான் சொல்றாங்க.
பதினோரு லோடு கணக்குல இல்ல.
வழியிலேயே வித்துட்டாருன்னு."

நான் சொன்னது வேறு டிரைவர்.
தராசு முணுமுணுப்பதைக் கணினிக்கு எடுத்துச்சொல்லும்
சின்னத் துபாஷி.
ஒரு சொல்லைத் தப்பாய்ச் சொன்னால் போதும்,
மொத்த வீடும் மயங்கி விழும்.

அதை நீக்கினேன். பழையதைப் போட்டேன்.
ஒரு தே-ஓ ஆறுகிற நேரம் ஓடியது,
பிறகு நீலம்.
நினைவகச் சில்லைப் பிடுங்கி
பள்ளிக்கூட அழிப்பானால் அதன் பல் தேய்த்துப் பொருத்தினேன்.
நீலம்.
சந்தேகப்படுவது சுலபமான வேலை,
அதற்குத்தான் மணிக்கணக்கில் கூலி வாங்குகிறேன்.

மூன்றாம் நாள்தான் கவனித்தேன்:
அக்டோபர் திறக்கிறது, டிசம்பர் திறக்கிறது.
நவம்பர் ஒன்பதைத் தொட்டால் மட்டும் சாகிறது.

விசிறியை நிறுத்திவிட்டு
பெட்டிமேல் காதை வைத்தேன்.
டிக்.
ஓர் இழுப்பு.
டிக்.
படியில் ஒரே இடத்தில் கால் தடுக்குகிற ஆள் மாதிரி.

துபாஷிமேல் தப்பில்லை.
வட்டு தேய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.
யாரும் திருடாமலேயே
எண்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

சாகிற வட்டை அதட்டிக் கேட்கக் கூடாது.
தருவதை முதலில் வாங்கிக்கொள்,
முரண்டு பிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போ,
கடைசியில் திரும்பிவந்து
பின்வாசல் வழியாகத் தட்டு.
ராத்திரி முழுக்க அதன் முன்னால்
மேசை விசிறியை வைத்துவிட்டு
நாற்காலியிலேயே தூங்கினேன்.

விடிய ஐந்தரைக்கு
வேலைக்காட்டு லோரி கடையை உலுக்கிக்கொண்டு போனபோது
திரையில் வந்திருந்தார்:
அர்ச்சுனன் த/பெ கோபாலு.
8.42 டன். 7.96 டன். 8.10.
ஒன்பது லோடு.
பிரிண்டரில் ரிப்பன் காய்ந்து
வெறுந்தாள் துப்பிய மாதம் அது,
இது தவிர அவருக்குச் சாட்சி கிடையாது.

மிச்ச ரெண்டுக்கு
பதினேழு முறை தட்டினேன்.
டிக் என்றது.

எஸ்டேட் ஆபீசில் புது வட்டைப் பொருத்தி
மேனேஜரிடம் சொன்னேன்:
"டிரைவர்ல கோளாறு இல்ல சார், மாத்த வேண்டியதில்ல."
இருநூற்று எண்பது வெள்ளியை எண்ணிக் கொடுத்தார்.
ரசீது கேட்டார்.
வாசல்வரை வந்த புஷ்பலீலா
குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.
"மாத்தியாச்சுக்கா.
திங்கக்கிழமையே புது ஆளு வந்துட்டாரு."

பசார் மாலாமில் கண்டுபிடித்தேன்.
கேஸ் சிலிண்டர் லோரி ஓட்டுகிறாராம் இப்போது.
தோளில் துண்டு, கையில் அப்பம் பாலிக் பொட்டலம்.
தாள்களை நீட்டினேன்.
எச்சில் தொட்டுப் பெருவிரலால் எண்ணினார்,
மறுபடியும் எண்ணினார்.

"ஒம்பதுதானே இருக்கு?"

ஜெனரேட்டர் இரைச்சலில்
கேட்காத மாதிரி நிற்கப் பார்த்தேன்.

ஒன்பது வந்தால்
மிச்ச ரெண்டும் வந்த மாதிரிதானே
என்று நான் சொல்லவில்லை.
அவரும் சொல்லவில்லை.
தாள்களை நாலாய் மடித்துச்
சட்டைப் பையில் வைத்தார்,
எண்ணெய் படாத பக்கம்.